பறவைக்குப் பட்டியல் இருக்கிறது, உங்கள் விதைக்கு?

கழுவேலி 2021-ல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தப் பட்டியலில் சேர, என்னென்ன உயிரினங்கள் வருகின்றன என்ற கணக்கைக் காட்டியாக வேண்டும். பறவைகளுக்கு அந்தக் கணக்கு இருந்தது. ஏரியைச் சுற்றியுள்ள மரக்காணம், வானூர் வயல்களில் மிஞ்சியிருக்கும் நாட்டு நெல், எள், கேழ்வரகு விதைகளுக்கு?

இதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, 'மக்கள் பல்லுயிர் பதிவேடு' எழுத வேண்டும். பல ஆண்டுகள் பெயரளவில் கிடந்த வேலை இது. 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காத மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு மளமளவென்று நடந்தது. நாடு முழுவதும் இரண்டரை லட்சத்துக்கும் மேல் பதிவேடுகள். அவசரத்தில் எழுதியதில் வேம்பும் புங்கனும் இருக்கும். உங்கள் வீட்டுக் குதிரில் உள்ள விதை இருக்குமா என்பது சந்தேகம்தான்.

பதிவு ஏன் முக்கியம்? திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 2 நிலக்கடலையைப் பாருங்கள். 1940-ல் வெளிவந்து ஆந்திரா, கர்நாடகா வரை போன ரகம். அது 'குடியாத்தம் கொத்து' என்ற நாட்டுக் கடலையிலிருந்து தேர்வு செய்தது. அன்று எழுதி வைத்ததால்தான் அந்த ஊர்ப் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது.

உங்கள் ஊராட்சியில் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். விடுபட்டிருந்தால் ரகத்தின் உள்ளூர்ப் பெயர், பட்டம், வயது, மண், தண்ணீர் தாங்கும் தன்மை, எத்தனை வீட்டில் விதை உள்ளது என்று எழுதித் தந்து சேர்க்கச் சொல்லுங்கள். பரம்பரைக் கைமருந்துப் பக்குவத்தை வெளியே சொல்ல விருப்பமில்லை என்றால் அதை விட்டுவிடலாம். வணிகத்துக்காக வெளியார் உங்கள் ஊரில் சேகரித்தால் கட்டணம் வாங்க இந்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. ஊரில் என்ன இருக்கிறது என்றே தெரியாத குழு எதற்கென்று கேட்கும்?

ஆனால் பதிவேட்டில் எழுதியதால் மட்டும் ரகம் உங்கள் உரிமையாகிவிடாது. அதற்கு 2001-ம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உழவர் ரகத்துக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. விவரங்களுக்குத் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். போகும்போது ஒரு பிடி விதையும் விளைந்த கதிரும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.