மூலிகைக்கு மாலை, ஜிங்க்குக்கு வேலை

பி.காம் படிக்கிறவனுக்கு டயப்பர் புண்ணைப் பத்தி என்னடா தெரியும்னு கேக்கறீங்களா? பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்கற கண்ணோட "ஹெர்பல்" பேபி க்ரீம் ட்யூபைத் திருப்பிப் பார்த்தேன். அவ்ளோதான்.

முன்பக்கம் கற்றாழை, வேப்பிலைன்னு ஒரு தோட்டமே இருக்கு. பின்பக்கம் பார்த்தா பல ட்யூப்ல ஜிங்க் ஆக்சைடு! சிலதுல "யசத பஸ்மம்"னு போட்டிருக்கும். பயந்துடாதீங்க, அதுவும் பெரும்பாலும் அதே ஜிங்க் ஆக்சைடுதான். டாக்டர் எழுதித் தர்ற சாதா க்ரீம்லயும் இதேதான். வேலை செய்யறது ஒருத்தன், போனஸ் வாங்கறது இன்னொருத்தன்.

புண் எப்படி வருது? ஈரத்துல தோல் ஊறிப்போகுது. சிறுநீரும் மலமும் கலந்து அமோனியா உண்டாகி, தோலோட அமிலத்தன்மை குறையுது. உடனே மலத்துல இருக்கற என்சைம்கள் வீரியமாகித் தோலை அரிக்குது. ஆக, வேண்டியது ரெண்டே ரெண்டு: ஈரம் போகணும், தோலுக்கு மேல ஒரு தடுப்பு வேணும். ஜிங்க் அந்தத் தடுப்பு. தேங்காயெண்ணெயும் ஓரளவு அப்படித்தான், அந்த விஷயத்துல பாட்டிக்கு என் வணக்கம்.

ஆனா தோல் உரிஞ்ச இடத்துல மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பத்து போடறதுக்கு என்ன நியாயம்? வசம்பைச் சுட்டு உரசிப் பூசறதுக்கு? அமெரிக்காவுல 1968லயே வசம்பை உணவுல சேர்க்கக்கூடாதுன்னு தடை போட்டாச்சு. அது சாப்பிடறதுக்குத்தானே, பூசறதுக்கு இல்லையேம்பீங்க. கைக்குழந்தையோட கை எங்கே போனாலும் கடைசியில வாய்க்குத்தான் போகும் சாமி.

"ஆராய்ச்சியே இருக்கு"ன்னு சிலர் வருவாங்க. இருக்கு. 2012ல வெளிவந்த ஈரான் ஆய்வு, 66 குழந்தைகள். பாதிப் பேருக்குக் கற்றாழை க்ரீம், மீதிப் பேருக்குக் காலெண்டுலான்னு ஒரு பூவோட களிம்பு. ரெண்டு பக்கமும் புண் குறைஞ்சுது, காலெண்டுலா ஒரு படி மேல. ஆனா மூலிகையே பூசாத குழுன்னு ஒண்ணு அதுல இல்லை. அப்புறம் எதோட ஒப்பிட்டு மூலிகை ஜெயிச்சுதுன்னு சொல்றது?

எகனாமிக்ஸ்ல காம்ப்ளிமென்டரி கூட்ஸ்னு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? "12 மணி நேரம் கவலையில்லை"ன்னு டயப்பர் விப்பாங்க. அதை நம்பி மாத்தாம விட்டா புண் வரும். புண்ணுக்கு க்ரீம் பக்கத்து ஷெல்ஃபுலயே ரெடி. நனைஞ்சதும் மாத்து, வெறும் தண்ணியில கழுவு, கொஞ்ச நேரம் காத்தாட விடுன்னா யாருக்கு லாபம்?

என் ஒண்ணுவிட்ட அக்கா குழந்தைக்கு ஒன்பது நாள் பக்கத்து வீட்டு ஆத்தா சொன்ன பத்து. தொடை மடிப்பெல்லாம் ரத்தச் சிவப்பு, ஓரத்துல சின்னச் சின்னப் புள்ளி. டாக்டர் பார்த்ததுமே பூஞ்சைன்னுட்டார். பூஞ்சைக்கு ஜிங்க்கே போதாது, பூஞ்சைக்கொல்லிக் களிம்பு வேணும். அதையும் மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கிடாதீங்க, ஸ்டீராய்டு கலந்ததை எடுத்துக் குடுத்துடுவாங்க. மடிப்புக்குள்ள சிவந்தாலோ, சீழ், கொப்புளம், காய்ச்சல்னு வந்தாலோ, ரெண்டு மூணு நாள்ல குறையலைன்னாலோ அம்மியை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.