பாட்டு எந்த மொழியில் வீட்டுக்குள் வருகிறது?

சென்ற இதழில் நம் அன்பர் ஒருவர் இக்காலப் பிள்ளைகளின் இசை மோகத்தைப் பற்றி மனம் வருந்தி எழுதியிருந்தார். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கி, மைதானத்தில் மணிக்கணக்காக நின்று, கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூச்சல் போடுவதற்குப் பெயர் கச்சேரியா என்று கேட்டிருந்தார். சபாக்களில் தியாகராஜரையும் தீட்சிதரையும் காலி நாற்காலிகளுக்குப் பாட வேண்டியிருக்கிறதே என்ற அவருடைய ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் அவர் வந்து சேர்ந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை. தலைநகரில் பிறந்து வளரும் நம் மூன்றாம் தலைமுறைக் குழந்தைகளிடம் இன்று ஒட்டிக்கொண்டிருக்கும் தமிழில் பெரும்பங்கு இந்த மோகம் கொண்டுவந்து சேர்த்ததுதான். இதை விரட்டிவிட்டால் அந்த இடத்தில் வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

நான் டிப்ளமாவை முடித்துவிட்டு ரயில்வே வேலைக்காக டில்லிக்கு வந்தது 1982-ல். அன்று தமிழ்ப் பாட்டு என்பது தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி, ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் கடந்து வரவேண்டிய சரக்கு. விடுமுறையில் ஊருக்குப் போனால் முதல் வேலையாக ரெக்கார்டிங் கடைக்குப் போய்ப் பாட்டுப் பட்டியலைக் கொடுப்போம். வெற்றுக் கேஸட்டில் பதிந்து தருவார்கள். அப்பளம், வடகம், காப்பிப் பொடி இவற்றுக்கு நடுவே துணியில் சுற்றி அதைக் கொண்டுவருவோம். குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டுக்கு வந்த கேஸட் பத்து வீடு சுற்றிவிட்டு, நாடா சிக்கித் திரும்பி வரும். பென்சிலைச் செருகிச் சுற்றிச் சரிசெய்வதில் எங்கள் வீட்டு அம்மாளுக்கு இணை கிடையாது. கடையில் வாங்கிய அசல் கேஸட்டாக இருந்தால் உள்ளே மடித்து வைத்த அட்டை ஒன்று இருக்கும். படம், இசை, பாடல் எழுதியவர், பாடியவர் என்று எல்லாம் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். என் மூத்த மகன் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது பாடப் புத்தகத்தில் பாதி, இந்த அட்டைகளில் பாதி.

1986-ல் இளையராஜா ‘ஹௌ டு நேம் இட்’ என்ற ஆல்பத்தைத் தந்தார். படம் கிடையாது, பாட்டு வரி கிடையாது, வெறும் வாத்திய இசை. தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் அதைச் சமர்ப்பித்திருந்தார். அடுத்த வீட்டுப் பஞ்சாபி நண்பர் தினமும் மாலையில் அதைப் போடச் சொல்லிக் கேட்பார். மொழி இல்லாததால் இருவரும் சம உரிமையோடு கேட்டோம். 1988-ல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ வந்தபோதும் அப்படியே.

சிக்கல் தொடங்கியது 1992-ல். ‘ரோஜா’ வந்தது, ஏ.ஆர். ரஹ்மான் வந்தார், முதல் படத்திலேயே தேசிய விருது. நாங்கள் தலைகால் புரியாமல் குதித்தோம். அடுத்து அது இந்தியிலும் மொழிமாற்றமாகி வந்தது. டில்லித் தெருவெங்கும் அந்தப் பாட்டுத்தான். தமிழில் பாடிய அதே மின்மினிதான் இந்தியிலும் பாடியிருந்தார். ஆனால் வைரமுத்து எழுதிய வரிகளின் இடத்தில் பி.கே. மிஸ்ராவின் இந்தி வரிகள். பிறகு ‘காதலன்’, ‘பம்பாய்’ என்று எல்லாம் இதே வழியில் வந்தன. நமக்குப் பெருமை, சந்தேகமில்லை. ஆனால் அந்த வருடங்களில் இங்கே பிறந்த நம் குழந்தைகள் அந்த மெட்டுகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் இந்தியில்தான் முதலில் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து தமிழில் கேட்டால், “இது டப்பிங்காப்பா?” என்று கேட்ட பிள்ளைகள் உண்டு. நகலை அசலென்றும் அசலை நகலென்றும் எண்ணி ஒரு தலைமுறை வளர்ந்தது. இதில் குழந்தைகள் மேல் என்ன குற்றம்? வீட்டில் எதை முதலில் ஒலிக்கவிட்டோம் என்பதுதான் கேள்வி.

1998-ல் வந்த ‘தில் சே’ வேறு விதம். அது இந்திப் படம், தமிழில் ‘உயிரே’ ஆயிற்று. நீலகிரி மலை ரயிலின் கூரைமேல் ஆடிக்கொண்டே போகும் அந்தப் பாட்டை இன்றும் கல்யாண வீடுகளில் போடுகிறார்கள். (ரயில் கூரைமேல் பயணம் செய்வது 1989-ஆம் வருட ரயில்வே சட்டப்படி குற்றம். பாட்டு ஓடும்போது இதைச் சொன்னால் என்னை அறையிலிருந்து வெளியே போகச் சொல்கிறார்கள்.) அந்தத் தாளத்தில் ரயில் ஓடுவதை நான் கேட்கிறேன், என் பேத்திக்குக் கேட்கவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பழைய தண்டவாளங்கள் 13 மீட்டர் நீளம், ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் தடக்கென்று தட்டும். இப்போது நீளமாகப் பற்றவைத்துவிடுகிறோம், ரயில் வழுக்கிக்கொண்டு போகிறது. அந்தச் சத்தத்தை ஒழித்ததில் இந்தக் கைகளுக்கும் பங்குண்டு.

இனி 2017 ஜூலை 8-ஆம் தேதிக்கு வருகிறேன். லண்டன் வெம்ப்ளி அரங்கில் ரஹ்மானின் நிகழ்ச்சி. பெயரே ‘நேற்று இன்று நாளை’. தமிழ்ப் பாட்டுகள் அதிகம், இந்திப் பாட்டுகள் போதவில்லை என்று சிலர் பாதியில் எழுந்து போனார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். செய்தி வந்ததும் டில்லித் தமிழர் வீடுகளில் ஒரே கொந்தளிப்பு. நாற்பது வருடமாக இந்திக் கச்சேரிகளில் உட்கார்ந்து தலையாட்டியவர்கள் நாம், ஒரு நாளாவது எழுந்து போனோமா என்று கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் டிக்கெட் வாங்கியவருக்குத் தான் கேட்க வந்தது கிடைக்காதபோது ஏமாற்றம் வருவதும் இயற்கைதான். எனக்கு உறுத்துவது வேறு. அவர்களாவது தங்கள் மொழியில் பாட்டு வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்டார்கள். சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு தமிழர் விழாவில் மெல்லிசைக் குழு ரஹ்மான் மெட்டுகளை இந்தியிலேயே பாடியது. பிள்ளைகளுக்கு அதுதான் தெரியும் என்று காரணம் சொன்னார்கள். நாம் ஒருவரும் எழுந்து போகவில்லை. கைதட்டினோம்.

கூட்டத்தைப் பற்றியும் அன்பர் குறைப்பட்டிருந்தார். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சியில் டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் தவித்தது உண்மை. அமைப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று ரஹ்மானும் கேட்டுக்கொண்டார். அது ரசிகன் செய்த தவறா? எத்தனை பேர் வருவார்கள், எத்தனை வாசல், எவ்வளவு அகலம் என்பது கணக்கு. 2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே என்ற ஆங்கிலக் குழு அகமதாபாத்தில் பாடியபோது மேற்கு ரயில்வே மும்பையிலிருந்து சிறப்பு ரயில்களே விட்டது. பாட்டுக் கேட்கப் போகிறவனும் பயணிதான், அவனுக்கும் வண்டி வேண்டும் என்று நினைத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ராஜாவா ரஹ்மானா என்ற சண்டை நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. ரஹ்மானே சிறு வயதில் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர் என்று சொன்னால் இரு தரப்பும் சற்றே அடங்கும். 2025 மார்ச் 8 அன்று தம் 81-ஆம் வயதில் இளையராஜா லண்டனில் ‘வேலியண்ட்’ சிம்பொனியை அரங்கேற்றினார். மறுநாள் பூங்காவில் நடைப்பயிற்சிக்கு வந்த ஓய்வுபெற்ற கிழவர்கள் நாங்கள், மைதானத்துப் பிள்ளைகளைவிடக் குறைவாகக் கூச்சல் போடவில்லை.

இப்போது பேத்தி விஷயம். குருகிராமில் பள்ளிப் படிப்பு, ஆங்கிலமும் இந்தியும் சரளம், தமிழ் உடைசல். 2021-ல் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்தது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, அறிவும் தீயும் பாடியது, எந்தப் படத்திலும் இல்லாத தனிப்பாட்டு. நூறு முறை கேட்டுவிட்டு, “தாத்தா, யார் இந்த வள்ளியம்மா?” என்று வந்து நின்றாள். அது அறிவின் பாட்டி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர் என்றேன். தேயிலைத் தோட்டத்தில் தமிழர்கள் ஏன் இருந்தார்கள் என்றாள். வெள்ளைக்காரன் கூட்டிப்போனதைச் சொன்னேன். ஏன் திரும்பி வந்தார்கள் என்றாள். 1964-ஆம் வருட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வரைக்கும் போகவேண்டியதாயிற்று. சாப்பாடு ஆறிப்போயிற்று. எந்தத் தமிழ் வகுப்பில் இத்தனை கேள்வி கேட்டிருப்பாள்? பிறகு அந்த வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரச் சொன்னாள். எழுதித் தந்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள்.

கேஸட்டோடு வந்த அட்டைக்கு இன்று மாற்று இல்லை. கைப்பேசியில் பாட்டு ஓடும்போது பாடியவர், இசையமைத்தவர் பெயர்கள் கண்ணில் படுகின்றன, எழுதியவர் பெயரைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. அதே 2021-ல் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டைப்படத்தில் அறிவு விடுபட்டுப் போனதற்குப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. கோபப்பட்டவர்களில் பெரும்பாலோர் அன்பர் குறைசொல்லும் அதே இளைஞர்கள்தாம்.

ஆகவே சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பாட்டுக் கேட்கும் கூட்டம் ஒன்று நடத்துவோம். புது ஆல்பம் ஒன்று, பழைய கேஸட் ஒன்று. பாட்டு வரிகளைப் பெரிய தமிழ் எழுத்தில் நகலெடுத்து எல்லோர் கையிலும் தரவேண்டும். புரியாத சொல்லுக்குப் பெரியவர்கள் அர்த்தம் சொல்லட்டும், எந்த வாத்தியம் எங்கே வருகிறது என்று பிள்ளைகள் நமக்குச் சொல்லட்டும். ஆண்டு விழாவுக்கு மெல்லிசைக் குழுவை அழைத்தால், பதிவு செய்த இசையை ஓடவிட்டு மேலே பாடுகிறவர்களை விடுத்து, மேடையில் நாலு பேராவது கையால் வாசிக்கிற குழுவை அழைக்கவேண்டும். தமிழில் பிறந்த மெட்டைத் தமிழிலேயே பாடவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

செலவு என்ன ஆகும் என்று பொருளாளர் கேட்பார். ஹால் அந்த நேரத்தில் பூட்டித்தான் கிடக்கிறது. நகலெடுக்கும் செலவு என்னுடையது. டேப் ரெக்கார்டர் ஒன்றும் என்னிடம் இருக்கிறது, போன மாதம்தான் பெல்ட் மாற்றினேன், நன்றாக ஓடுகிறது. கேஸட் வைத்திருப்பவர்கள் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிக் கொண்டுவாருங்கள். பென்சிலும் கொண்டுவாருங்கள்.