கப்பல் ஏன் திரும்பியது?



அண்மையில் திருநாவலூரில் ஒரு நிக்காஹ் விருந்துக்குச் சென்றிருந்தேன். உண்டு கை கழுவி எழுந்ததுமே என் தாய்மாமன் என்னைக் கையைப் பிடித்துத் திண்ணைக்கு அழைத்துச் சென்று அமர்த்திவிட்டார். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். ஊர் வழக்குகளில் நியாயம் சொல்லிப் பழகியவர். "மருமகனே, நீ பத்திரிகையில் எழுதுகிறவன். இந்த அநியாயத்தையும் எழுது" என்று தொடங்கினார்.

அவருடைய அத்தா, அதாவது என் பாட்டனார், நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்குக்குப் பிழைக்கப் போனவர். 1926 முதல் 1973 வரை சென்னையையும் நாகையையும் பினாங்கு, சிங்கப்பூருடன் இணைத்துக்கொண்டிருந்த அந்தக் கப்பலைப் பற்றி நம் இல்லங்களில் முதியோர் இன்றும் பேசக் கேட்டிருப்பீர்கள். போனவர் திரும்பவில்லை. மவுத்துச் செய்தி கடிதமாக வந்தபோது மாமுவுக்கு வயது பன்னிரண்டு. அத்தாவின் கபுரை ஒருமுறையேனும் கண்ணால் கண்டு ஒரு துஆ ஓதிவிட வேண்டும் என்பது அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட ஏக்கம்.

சிங்கப்பூரில் வேலையிலிருக்கும் மகன், பெற்றோரை வரவழைத்து ஓர் உல்லாசக் கப்பலில் இடம் பிடித்துக் கொடுத்தார். சிங்கப்பூரில் புறப்பட்டு, கிள்ளான் துறைமுகம், பினாங்கு, புக்கெட் என்று போய்த் திரும்பும் பயணம். பினாங்கில் எட்டு மணி நேரம் கப்பல் நிற்கும். மாமுவுக்கு அந்த எட்டு மணி நேரம்தான் பயணம். மற்றவை எல்லாம் அதற்கான வழி. கிள்ளானை விட்டு நகர்ந்த பிறகு ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: வானிலை காரணமாகப் பினாங்கும் புக்கெட்டும் இல்லை, கப்பல் தெற்கே திரும்புகிறது.

"புயலாம், மருமகனே! நான் மேல்தளத்தில் நின்று பார்த்தேன். தூறல்தான். கடல் நம் ஊர் ஏரியைப் போலக் கிடந்தது. எண்ணெய்ச் செலவை மிச்சம் பிடிக்கப் பொய் சொல்லித் திருப்பிவிட்டார்கள்" என்றார். குரல் தழுதழுத்தது. அருகிலிருந்த மாமி தலையைக் குனிந்துகொண்டார்.

வாசகர்களே, இது 2025 நவம்பர் இறுதியில் நடந்தது. அந்த வாரத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். மலாக்கா நீரிணையின் வடபகுதியில் 'சென்யார்' என்ற புயல் உருவாயிற்று. சுமாத்திராவின் வடக்கில் கரையேறி, திரும்பி நீரிணைக்குள் இறங்கி, மலேசியாவின் மேற்குக் கரைக்கே வந்து சேர்ந்தது. அதே வாரத்தில் 'டிட்வா' புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. சுமாத்திராவிலும் இலங்கையிலும் பல நூறு உயிர்கள் மாண்டன. மாமுவின் கப்பல் எந்தக் கடலை நோக்கிச் செல்லவிருந்ததோ, அந்தக் கடலின் வாயிலிலேயே புயல் பிறந்திருக்கிறது.

மலாக்கா நீரிணையில் புயல் என்பது அபூர்வத்திலும் அபூர்வம். புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சியே திருகு விசையைத் தருகிறது. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க அவ்விசை நலிந்துவிடும். ஆகவேதான் சிங்கப்பூர்ப் பக்கம் ஆண்டு முழுவதும் உல்லாசக் கப்பல்கள் ஓடுகின்றன. ஆயினும் 2001 டிசம்பர் 27ஆம் நாள் 'வாமெய்' என்ற புயல், ரேகைக்கு ஒன்றரைப் பாகை தொலைவில் தோன்றி, சிங்கப்பூருக்கு அருகே ஜொகூரில் கரையேறியது. 'இங்கே வராது' என்ற சொல்லுக்குக் கடலில் அவ்வளவுதான் மதிப்பு.

சரி, கடல் அமைதியாக இருக்கையில் கப்பல் ஏன் திரும்ப வேண்டும்? மாமு கேட்ட கேள்வி நியாயமானது. அதற்கு விடை அவர் நின்ற மேல்தளத்தில் இல்லை. கப்பல் போய்ச் சேரவிருந்த துறைமுகத்தில் இருக்கிறது.

உல்லாசக் கப்பல் மணிக்கு இருபது கடல்மைல், அதாவது 37 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது. நம் வங்கக் கடலின் புயல் பெரும்பாலும் அதில் பாதி வேகத்தில்தான் நகர்கிறது. ஆகவே திறந்த கடலில் புயலை விட்டு விலகி ஓடுவது கப்பலுக்கு இயலாத காரியம் அன்று. இடர் கரையில்தான் காத்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும் அதன் பக்கவாட்டுச் சுவர், காற்று வீசினால் மாபெரும் பாயாக மாறிவிடும். குறுகிய துறைமுக வாயிலில் அந்தப் பாயைக் கட்டி மேய்ப்பது எளிதன்று. மேலும், வழிகாட்டும் துறைமுக மாலுமி சிறு படகில் வந்து, ஓடும் கப்பலின் பக்கத்தில் தொங்கும் கயிற்றேணியில் ஏறித்தான் உள்ளே வர வேண்டும். அலை சற்று உயர்ந்தாலே அந்த ஏறுதல் உயிருக்கு உலை. கப்பல் நெருங்க முடியாத ஊர்களில் பயணிகளைச் சிறு படகில் இறக்குவார்கள். முதலில் கைவிடப்படுபவை அந்த ஊர்கள்தாம்.

கரையில் கட்டியிருந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். கடலூர்த் துறைமுகத்தில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒன்று முதல் பதினொன்று வரை செல்லும் அந்தக் கூண்டுகள் கப்பல்களுக்காகவே ஏற்படுத்தப்பட்டவை. எண் உயர உயர, துறைமுக அதிகாரிகள் கப்பல்களைக் கரையை விட்டு ஆழ்கடலுக்குப் போகச் சொல்வது வழக்கம். இல்லாவிடில் அலை அவற்றைக் கல்சுவரில் மோதியே உடைத்துவிடும். கரைக்கு அருகில் நங்கூரமிட்டுக் கிடப்பதும் தீர்வன்று. 2012 அக்டோபர் 31ஆம் நாள் 'நீலம்' புயலின்போது சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த 'பிரதிபா காவேரி' எண்ணெய்க் கப்பல் இழுத்துக்கொண்டு வரப்பட்டுப் பெசன்ட் நகர் மணலில் தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளில் ஆறு பேர் கடலில் மாண்டனர். அந்தக் கப்பலைப் பார்க்கக் கடற்கரையில் கூட்டம் கூடியதும் சுண்டல் விற்றதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆறு பேர் மாண்டது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ!

மாமுவுக்கு இதையெல்லாம் சொன்னபோது, "சரி, ஒரு நாள் காத்திருந்து போயிருக்கலாமே" என்றார். அங்கேதான் கணக்கு வேறாகிறது. கப்பல் சிங்கப்பூருக்குத் திரும்பும் நாளில் அடுத்த பயணத்துக்கு ஈராயிரம் மூவாயிரம் பேர் பெட்டியோடு கரையில் நிற்பார்கள். இறங்குகிறவர்களுக்கோ விமானம் காத்திருக்கும். ஆகவே புயல் வந்தால் நடுவில் உள்ள ஊர்களை வெட்டி, கடைசி நாளைக் காப்பாற்றுவார்கள். மாற்றுத் துறைமுகம் தேடலாம்தான். ஆனால் அந்தக் கடலில் உள்ள எல்லாக் கப்பல்களும் ஒரே நேரத்தில் அதே இரண்டொரு துறைமுகங்களைத் தேடும். இடம் முந்தியவர்களுக்கே. ஆகையால் தலைவன் புயல் கண்ணில் படும்வரை காத்திருப்பதில்லை. இரண்டு மூன்று நாள் முன்பே திரும்பிவிடுகிறான். முன்பே திரும்புவதால்தான் பயணிக்கு வானம் தெளிவாகத் தெரிகிறது. தெளிவாகத் தெரிவதால்தான் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றுகிறது.

முன்னறிவிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதற்குத் திருநாவலூர்க்காரர்களுக்கு வெளிச்சான்று வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையேறியது. கரையேறியதும் கடந்துபோகும் என்று எதிர்பார்த்திருக்க, மணிக்கணக்கில் அசையாமல் நின்றுவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பிறகு உள்நாட்டுக்குள் ஊர்ந்து போய், கடலே காணாத ஊத்தங்கரையிலும் அதே அளவுக்குப் பெய்தது. தென்பெண்ணை கரை மீறியது. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது. கெடிலத்தின் கரையில் இருக்கும் மாமுவின் ஊர், கடலூர்க் கடலிலிருந்து நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. "அன்றிரவு நாங்கள் உறங்கவே இல்லை" என்று மாமியே எடுத்துக் கொடுத்தார். மாமு பதில் சொல்லவில்லை.

அவர் வாய் மூடியதைப் பயன்படுத்திக்கொண்டு நான் 'ஃபான்டோம்' கப்பலின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1998 அக்டோபரில் கரிபியன் கடலில் நாலு பாய்மரம் கொண்ட அந்த உல்லாசக் கப்பல் சுமார் நூறு பயணிகளுடன் ஹோண்டுராஸ் கரையிலிருந்து புறப்பட்டது. 'மிட்ச்' என்ற புயல் வலுத்து வருகிறது என்ற செய்தி வந்ததும் நிறுவனம் பயணத்தை வெட்டி, பெலீஸ் நகரில் பயணிகளை இறக்கியது. விடுமுறை பாழாயிற்று என்று எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள் என்பதை நாமே ஊகிக்கலாம். இறங்கியவர்கள் பிழைத்தார்கள். கப்பலைக் காப்பாற்ற வேண்டுமே! தலைவனும் மாலுமிகளுமாக 31 பேர் அதை ஓட்டிக்கொண்டு தெற்கே ரோவத்தான் தீவின் மறைவில் ஒதுங்கப் போனார்கள். வடமேற்கே போகும் என்று கணிக்கப்பட்ட புயல் தெற்கே திரும்பி அவர்கள்மீதே வந்தது. அக்டோபர் 27க்குப் பிறகு அந்தக் கப்பலிலிருந்து செய்தி இல்லை. பெயர் பொறித்த உயிர்காப்புச் சாதனங்களும் சில உடைந்த பலகைகளும் கிடைத்தன. 31 பேரில் ஒருவரும் மீளவில்லை. கயானா, ஜமைக்கா, நிகரகுவா போன்ற ஏழை நாடுகளிலிருந்து பிழைப்புக்கு வந்த பிள்ளைகள் அவர்களில் பெரும்பாலோர்.

உல்லாசக் கப்பலில் பயணிகளை மட்டுமே நாம் பார்க்கிறோம். தட்டு ஏந்தி வருபவனும் படுக்கை விரிப்பவனும் யாரோ ஒரு தாயின் மகன். நம் பக்கத்துப் பிள்ளைகளும் உணவக மேலாண்மை படித்துவிட்டு அந்த வேலைக்குப் போகிறார்கள். எந்தத் துறைமுகத்தையும் விட்டுவிடும் கப்பல், அவர்களையும் சேர்த்தே திருப்பிக்கொண்டு வருகிறது.

பயணம் போக எண்ணுவோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றிரண்டையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஊருக்குப் போவது, எதை விடுவது என்ற முடிவு கப்பல் தலைவனுடையது. உயிர்ப் பாதுகாப்புக்காக அவன் எடுக்கும் முடிவை முதலாளியும் தடுக்கலாகாது என்று, டைட்டானிக் விபத்துக்குப் பின் 1914இல் முதன்முதல் எழுதப்பட்டு, 1974இல் புதுவடிவம் பெற்ற சர்வதேசக் கடற்பாதுகாப்பு ஒப்பந்தத்தின் பிற்காலத் திருத்தம் விதிக்கிறது. நாளைய பயணத்தைச் சொல்லும்போது நாம் 'இன்ஷா அல்லாஹ்' என்று சேர்ப்போம் அல்லவா? கப்பல் நிறுவனங்களும் அதைச் சட்ட மொழியில் பயணச்சீட்டின் நிபந்தனைகளில் சேர்த்தே வைத்திருக்கின்றன. விட்டுப்போன ஊருக்கு அவர்கள் வசூலித்த துறைமுகக் கட்டணம் மட்டும் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். மாமுவின் மகனுக்கும் கிடைத்திருக்கிறது. அப்பாவிடம் சொல்லத்தான் தோன்றவில்லை.

மாதத்தையும் பாருங்கள். வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும், பிறகு ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரையிலும் புயல் காலம். அரபிக் கடலிலோ தென்மேற்குப் பருவக்காற்றின் நாலு மாதங்களும் கொந்தளிப்பு. மும்பையைத் தாயகமாகக் கொண்ட 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பல் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஜூன் மாதத்தில் சென்னைக்கு வந்து பயணம் தொடங்கியது என்றால், அது தற்செயலன்று. மேற்குக் கடல் பொங்கும்போது, மலைத்தொடரின் மறைவில் நம் கரை ஓரளவு அடங்கிக் கிடக்கும். 2023இல் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போனது. இதை அறியாமல் அக்டோபரில் தொடங்கிய சேவையும் உண்டு. நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14இல் தொடங்கிய பயணிகள் கப்பல், வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு ஒரு வாரத்துக்குள் நிறுத்தப்பட்டது. மறுபடி 2024 ஆகஸ்டில்தான் ஓடியது. முகூர்த்தத்தை யார் குறித்தார்களோ!

எல்லாவற்றையும் கேட்ட மாமு வெகுநேரம் திண்ணைத் தூணைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "கபுர் அங்கேதானே இருக்கும், மருமகனே?" என்றார். இருக்கும் என்றேன். பிப்ரவரியில் போகலாமா என்று கேட்டார். அந்த மாதத்தில் அப்பக்கம் புயல் மிக அரிது என்றேன். விமானத்தில் போனால் நேராகப் பினாங்கிலேயே இறங்கிவிடலாம் என்றும் சொன்னேன். அவருக்கு அது சம்மதம். மாமிதான் இன்னும் ஒப்பவில்லை. கப்பலில் காலைப் பசியாறல் மிக நன்றாக இருந்ததாம்.