சுவருக்கு உரிய காலம்

சென்ற நூற்றாண்டின் எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, அதைத் தொடர்ந்து அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் டைட்டானும் வந்து நிலைகொண்ட காலம் முதல், ஓசூரில் ஜனங்கள் வாசம் செய்வதற்கான வீடுகள் தொழிற்சாலைகளின் வேகத்துக்கு ஈடுகொடுத்தே எழும்ப வேண்டியதாயிற்று. 2019-இல் மாநகராட்சியாகிவிட்ட இவ்வூரிலும், இங்கிருந்து கிருஷ்ணகிரி வரை நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களிலும் வரிசை பிடித்து நிற்கும் லைன் வீடுகளுக்குள் நுழைந்து பார்ப்பவர், பால் காய்ச்சி ஐந்தாண்டுகூட ஆகாத சுவர்களில் விரிசலும் ஓதமும் உப்புப் பூப்பும் கண்டு திகைப்பர். சிமெண்டைக் குறைத்துவிட்டார்கள், மணல் சரியில்லை என்று பலர் பல காரணம் கூறுவதுண்டு. அவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், இந்தச் சுவர்களில் எல்லாவற்றையும்விட அதிகமாகக் குறைக்கப்பட்ட பொருள் காலமே என்பது என் திடமான அபிப்பிராயம்.

இப்பகுதியில் இன்று பெரிதும் புழங்குவது சாலிட் பிளாக் எனப்படும் சிமெண்ட் கல். அச்சில் வார்க்கப்படும் இந்தக் கல் ஈரம் உலர உலரச் சற்றே சுருங்கும் சுபாவம் உடையது. ஆதலால்தான், வார்த்த கல்லைக் குறைந்தது 14 நாள் நனைத்துப் பதப்படுத்தி, அதன்பின் 4 வாரம் நிழலில் உலர்த்திய பிறகே வேலைக்கு எடுக்கவேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் விதித்திருக்கிறது. வார்த்த வாரமே லாரியேறி வந்து சேரும் பச்சைக் கல்லோ, களத்தில் சுருங்கியிருக்க வேண்டிய சுருக்கத்தைச் சுவரில் ஏறிய பிறகு சுருங்குகிறது. தூணும் கல்லும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு நேர்க்கோடும், பீமுக்கு அடியில் ஒரு படுக்கைக் கோடும் விழுகின்றன. இந்த விரிசலால் வீடு விழுந்துவிடாது. ஆனால் அதன்மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது புண்ணுக்குப் புனுகு தடவுவதாகும், அடுத்த கோடையில் அதே கோடு அதே இடத்தில் திரும்ப வந்துவிடும். கோட்டின் இருபுறமும் பூச்சைக் கையகலம் வெட்டியெடுத்து, தூணையும் கல்லையும் சேர்த்துக் கோழி வலை அடித்து, மறுபடி பூசி, ஏழு நாளாவது விடாமல் தண்ணீர் விடுவதே சரியான பரிகாரம். விரல் முட்டியால் தட்டும்போது பொள்ளென்று ஒலிக்கும் பூச்சு கல்லைப் பற்றவேயில்லை என்று அறிந்து, அதையும் உதிர்த்துவிட்டுப் புதிதாய்ப் பூசுவதன்றி வேறு உபாயமில்லை.

ஈரத்தின் கதை இன்னும் சிக்கலானது. அது நான்கு மார்க்கமாய் வருகிறது. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை ஏறக்குறைய ஒரே மட்டமாய்ப் படர்ந்து, மேல் விளிம்பில் வெள்ளை உப்பு பூத்து நிற்குமானால், அது நிலத்து ஈரம். பேஸ்மட்டத்தின்மேல் ஈரத்தடுப்புப் பூச்சு போடாமையும், வாசல் மண்ணோ தெருவோ உயர்ந்து பேஸ்மட்டத்தை விழுங்கிவிட்டமையும் அதற்குக் காரணங்கள். பழைய மேற்பரப்பைச் சுரண்டியெடுத்த பின்னரே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தியது, வீட்டுச் சுவர்களுக்கும் நன்மை செய்யக்கூடிய யோசனையே. நிலத்து ஈரம் ஏறிய சுவருக்கு முதலில் வெளி மண்ணைத் தாழ்த்தி, நீரை வடியவிட்டு, உப்பைக் கழுவாமல் உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுக்க வேண்டும். கழுவினால் அது கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும்.

மழை பெய்தபின் திட்டாய்ப் பெருகுவது மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் அடியிலிருந்தோ சன்ஷேடிலிருந்தோ இறங்கும் நீர். மழையற்ற மாதத்திலும் மாறாதிருப்பது பெரும்பாலும் குளியலறைக் குழாயின் கசிவு. நான்காவது, மார்கழிக் குளிரில் பீரோவுக்குப் பின்னே கறுப்பாய்ப் படரும் பூஞ்சை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரில், சமையலும் துணி உலர்த்தலும் ஒரே அறையில் நடக்கும் வீட்டின் நீராவி, குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது. ஒரு சாண் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு புறமும் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் குற்றம் அறைக் காற்றினுடையது, அதற்கு வெண்டிலேட்டரே மருந்து. உட்புறம் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள் இருக்கிறது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இளைப்பும் சுவாச நோய்களும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டி நூல் வெளியிட்டு எச்சரித்திருப்பதால், இதை வெறும் அழகுப் பிரச்சினையாக நினைத்து அலட்சியம் செய்யலாகாது.

ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாய்ச் சாய்ந்து இறங்கும் விரிசல் இவற்றினும் கடுமையானது. தாழ்ந்த நிலத்தில் மண் கொட்டி நிரப்பிய மனை, இறுகுவதற்குள் வீட்டைச் சுமந்தால், அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கிவிடும். விரிசலின் நுனியில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். சில மாதங்களில் அது கோட்டைத் தாண்டினால், மேஸ்திரியை விட்டுவிட்டுப் பொறியாளரை அழைப்பதே விவேகம். கருங்கல்லுக்குப் பேர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்தில், மண்ணை அணைத்து நிற்கும் கல் மதில்களில் நீர் வடியும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழையின்போது சுமார் 20 அடி உயர மதில் சரிந்து, ஒட்டியிருந்த வீடுகளில் உறங்கிய 17 பேரைக் கொன்றதை நாம் மறந்துவிடக் கூடாது.

இவற்றையெல்லாம் யார் செய்வது? வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டட அமைப்பைச் சார்ந்த பழுதுகளையும் வெள்ளையடிப்பையும் உரிமையாளரின் பொறுப்பிலேயே வைக்கிறது. ஆனால் ஒப்பந்தக் கூலியாய் வெளிமாநிலத்திலிருந்து வந்து, ஷிப்டு முடிந்து படுக்க மட்டுமே அறைக்குத் திரும்பும் தொழிலாளிக்கு இது தெரியாது. தெரிந்தாலும் கேட்கும் துணிவு வராது. வாடகை ஒரு மாதம் முந்தி வரவேண்டும் என்று உரிமையாளர் மிச்சம் பிடித்த நான்கு வாரத்துக்கு, குடியிருப்பவரின் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் ஈரக்காற்றைச் சுவாசித்து வட்டி கட்டுவது எந்த வகையிலும் நியாயமாகாது.

ஆகவே, சிமெண்ட் கல் களங்கள் ஒவ்வொரு அடுக்கிலும் வார்த்த தேதியை எழுதி வைக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் ஆணையிட வேண்டும். வீடு கட்டுவோர் விலையைக் கேட்குமுன் அந்தத் தேதியைக் கேட்க வேண்டும். புரட்டாசி மழைக்கு முன்னர் மாநகராட்சியும் ஊராட்சிகளும் லைன் வீடுகளின் சுவர்களையும் மதில்களையும் பார்வையிட வேண்டும். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. சற்றுப் பொறுமையும் சிரத்தையும் இருந்தால் போதும்.