முத்தும் முத்துப் போன்றதும்

ஆங்கிலம் கற்கும் நம் மாணாக்கருக்கு இடறுகல்லாய் நிற்பவை அம்மொழியின் அருஞ்சொற்கள் அல்ல. உருவில் உடன்பிறந்தாரைப்போல் ஒத்து, பொருளில் அயலாராய் நிற்கும் எளிய சொற்களேயாம். 'இண்டஸ்டிரியல்' என்பது யந்திரத் தொழிலைச் சார்ந்தது. 'இண்டஸ்டிரியஸ்' என்பது முயற்சியுடைமையைக் குறிப்பது. மொழிபெயர்ப்பு வகுப்பிலே நம்மில் ஒருவர் இவ்விரண்டையும் மயங்கி, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை 'முயற்சியுடையோர் தோட்டம்' ஆக்கிவிட்டார். வகுப்பு முழுவதும் நகைத்தது. அம்மயக்கத்தால் எவருக்கும் நட்டமில்லை. ஆயினும் எல்லாச் சொன்மயக்கமும் நகையோடு ஒழிந்துவிடுவதில்லை.

அம்பத்தூருக்கு அணித்தாயுள்ள ஆவடியே இதற்குச் சான்று. 1955-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தேபர் அவர்கள் தலைமையில் அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபை, நம் நாட்டில் அமையவேண்டுவது 'சோஷலிஸ்டிக்' மாதிரியான சமுதாயம் என்று தீர்மானித்தது. 'சோஷலிஸ்ட்' என்று சொல்லவில்லை. மறு ஆண்டில் வெளிவந்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டமோ 'சோஷலிஸ்ட்' மாதிரி என்றது. 1976-இல் அரசியல் சட்டத்தின் முகவுரையில் ஏறியதும் 'சோஷலிஸ்ட்' என்னும் சொல்லே. இச்சொற்களிடையே வேற்றுமை ஏதுமில்லை என்றே நேரு அவர்கள் கூறினார். நாம் பணிவோடு மாறுபடுகிறோம்.

'சோஷலிஸ்ட்' என்றால் சமதர்மத்தையே உடையது. 'சோஷலிஸ்டிக்' என்றால் சமதர்மத்தின் சாயலையுடையது என்றும் கொள்ள இடமுண்டு. இதனை நம் இலக்கணமே தெளிவாய் விளக்கும். முத்துப்பல் என்கிறோம். பல் முத்தன்று; முத்துப் போன்றது. 'போன்ற' என்னும் உருபு அங்கே மறைந்து நிற்றலின், அது உவமைத்தொகையாயிற்று. ஆவடித் தீர்மானத்தைச் 'சமதர்மச் சமுதாயம்' என்று நாம் தமிழாக்குங்கால், அத்தகைய உருபு ஒன்று மறைந்திருக்கிறதா, இல்லையா? 'மாதிரி' என்று சேர்த்தாலும் ஐயம் தீராது. பின்பற்றத்தக்கதும் மாதிரி, ஏறக்குறைய ஒத்திருப்பதும் மாதிரி. செய்யுளில் உருபு தொகுதல் அழகு. பொதுமக்களுக்கு அளிக்கும் வாக்கில் அது தொக்குமாயின், தனக்கு அளித்த வாக்கு எவ்வளவு என்று ஏழை அறிவது எங்ஙனம்?

அத்தீர்மானத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. முக்கியமான உற்பத்திச் சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையிலோ அல்லது கட்டுப்பாட்டிலோ இருக்கவேண்டும் என்றது அது. 'ஓனர்ஷிப்' வேறு, 'கண்ட்ரோல்' வேறு. ஆவடியிலுள்ள கனரக வாகனத் தொழிற்சாலை அரசாங்கத்தின் உடைமை. அம்பத்தூர்ப் பேட்டையிலுள்ள பட்டறைகளோ பெரும்பாலும் தனியார் உடைமை. அரசாங்கச் சட்டத்துக்கு அடங்கி நடப்பவை. திருமுல்லைவாயில் வழியாக ரயிலேறிச் செல்வோர் சில நிமிஷங்களுக்குள் இவ்விரண்டு ஊர்களையும் கடந்துவிடுகின்றனர். ஆனால், உடைமைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ள தூரமோ பெரிது. 'அல்லது' என்னும் ஒரு சிறு சொல் அத்தீர்மானத்தில் இரண்டுக்கும் இடமளித்துவிட்டது.

தமிழ் பயில்வோருக்கு ஆங்கிலச் சொன்னுட்பம் எதற்கு என்று வினவுவாரும் உளர். இந்நாட்டின் சட்டங்களும் திட்டங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டே பின்னர்த் தமிழில் வருகின்றன. உழவரும் தொழிலாளரும் அறிவது அத்தமிழையே. அதனை எழுதும் பணி நாளை நம்மில் ஒருவர் கைக்கு வரக்கூடும். இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லை இட்டுக் கைகழுவிவிடுதல் எளிது. ஆனால், அவற்றின் வேற்றுமையைத் தமிழில் விளங்கச் சொல்லும் வரையில் அச்சொற்களை நாம் கற்றவராகோம் என்பதே நம் துணிபு.

ஆகவே, சக மாணாக்கர்காள்! ஆங்கிலச் சொல்லொன்று எதிர்ப்படுந்தோறும் அதனைத் தமிழ் உரைகல்லில் ஒருமுறை தேய்த்துப் பார்ப்போமாக. முத்து எது, முத்துப் போன்றது எது என்று படிப்போர் மயங்காதபடி எழுதுதல் நம் கடன்.