கூரை மாற்றுமுன் ஒரு சொல்

போடிநாயக்கனூரின் வெயிலுக்கும், போடிமெட்டுக்கு அப்பால் ஏலமலைச் சரிவுகளின் சாரலுக்கும் எளியோர் பலர் ஒதுங்குவது ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ்தான். விலை மலிவு, துருப்பிடிக்காது, கறையான் அரிக்காது. இத்துணை நன்மையுள்ள பொருளில் தீமையும் உண்டோ என வாசக அன்பர்கள் வினவலாம். உண்டு.

கல்நார் எனும் கனிமத்தின் இழைகளைச் சிமெண்டுடன் கலந்தே இத்தகடு செய்யப்படுகிறது. தகடு பழுதின்றி இருக்கும்வரை இழைகள் பெரும்பாலும் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். அறுத்தாலும், துளையிட்டாலும், உடைத்தாலும் கண்ணுக்குப் புலப்படாத தூசியாய்ப் பறக்கும். மூச்சுடன் உட்சென்ற இழைகளில் பல நுரையீரலிலேயே தங்கிவிடும். நுரையீரல் இறுகும் நோயும், புற்றுநோயும் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். புகைபிடிப்போருக்கு நுரையீரல் புற்றின் ஆபத்து பன்மடங்காகும். கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைப்பனவே என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் முடிபு. பிரிட்டன் 1999-இல் இதனை முற்றிலும் தடைசெய்தது. நம் நாட்டிலோ இத்தகடு இன்றும் விற்பனையாகிறது.

கல்நார்த் தொழிலாளர் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும், பணியில் சேர்ந்தது முதல் 40 ஆண்டுகளோ, ஓய்வுக்குப்பின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை ஆலைகள் காத்தல் வேண்டும் என 1995-இல் நம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோய் எவ்வளவு காலம் மறைந்திருக்கும் என்பதை இதனால் உணரலாம். ஆனால், நம் வீட்டுக் கூரையை மாற்ற நாட்கூலிக்கு வரும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் எந்தப் பதிவேடு உண்டு? அவருடைய சட்டையை உதறித் துவைக்கும் மனைவிக்கும், மாலையில் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொள்ளும் மழலைக்கும் எந்தப் பதிவேடு உண்டு? கல்நார்த் தொழிலாளரின் ஆடைகளைத் துவைத்த இல்லத்தரசியரையும் இக்கொடிய புற்று பற்றியதை லண்டன் நகர ஆய்வொன்று 1965-இலேயே எடுத்துக்காட்டிற்று.

ஆகவே, பணி கொடுக்கும் நாமே பொறுப்பாளிகள். பழுதற்ற கூரையை அஞ்சிப் பிரிக்க வேண்டுவதில்லை. அதனைத் துளையிடாமலும், தேய்த்துச் சுரண்டாமலும் விட்டுவிடுவதே நலம். மாற்றியே ஆகவேண்டுமெனில், தகட்டை நீரால் நனைத்து, போல்ட்டுகளைக் கழற்றி, உடையாமல் இறக்கச் சொல்வோம். மின்வாளால் அறுக்க விடலாகாது. முகத்தில் கட்டும் துண்டு இத்தூசியைத் தடுக்காது; தக்க முகமூடி வாங்கித் தருவோம். சிதறிய தூளை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைப்போம். உடைந்த துண்டுகளைப் பள்ளம் நிரப்பக் கொட்டாமல், தடித்த பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கட்டி, நகராட்சியிடமோ ஊராட்சியிடமோ கேட்டு அப்புறப்படுத்துவோம். வேலை முடிந்தவர் உடைமாற்றிக் குளித்துச் செல்ல இடமும் தண்ணீரும் அளிப்போம்.

கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்றிருத்தல் தகாது. நமக்கு நிழல் அமைக்க வந்தவர் நலமாய் வீடு திரும்புவதும் நம் கடனே.