ரேடியேட்டர் விற்கும் முன் அளவு கேட்போம்



லாரிக்கும் காருக்கும் ரேடியேட்டர் உண்டு என்பது நாம் எல்லோரும் அறிந்தது. மேஜைக் கம்ப்யூட்டருக்கும் இன்று ரேடியேட்டர் விற்பனையாகிறது. கம்ப்யூட்டர் உதிரி பாகங்களை மொத்த வியாபாரம் செய்பவன் என்ற முறையில் இந்தச் சரக்கு விற்கப்படும் விதம் பற்றி என் கருத்தை இங்கே வைக்க விரும்புகிறேன். அளவு கேட்காமல் ரேடியேட்டர் விற்பது நம் தொழிலுக்கு நாமே செய்துகொள்ளும் கேடு என்பதே அது.

இந்தத் துறையில் இல்லாத அன்பர்களுக்காக முதலில் சில வார்த்தைகள். கம்ப்யூட்டரின் மூளையாகிய பிராசஸர் வேலை செய்யும்போது சூடாகிறது. அதன் தலைமேல் ஒரு செப்புத் தகடு உட்கார்ந்திருக்கும். தகட்டின் வழியாகப் பம்ப் தண்ணீரை ஓட்டும். சூடேறிய தண்ணீர் குழாய் வழியே ரேடியேட்டருக்குப் போய், ஃபேன் காற்றில் ஆறித் திரும்பி வரும். இதில் தண்ணீர் என்பது சுமை ஏற்றிச் செல்லும் லாரி மாதிரி. போன இடத்தில் சரக்கை இறக்க இடம் இல்லையென்றால் லாரி எவ்வளவு வேகமாக ஓடி என்ன பயன்? சூடு இறங்கும் இடம் ரேடியேட்டர்தான்.

இந்த ஏற்பாடு புதிதும் அல்ல. ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரிய கம்ப்யூட்டர்கள் 1960-களிலேயே தண்ணீரால் குளிர்விக்கப்பட்டன. 2004-ல் ஆப்பிள் நிறுவனம் தன் பவர் மேக் ஜி5 மேஜைக் கம்ப்யூட்டரில் இம்முறையைக் கொண்டுவந்தது. மேல்நாட்டில் ஆர்வம் கொண்ட இளைஞர்கள் அந்நாளில் காரின் ஹீட்டரில் இருக்கும் சிறு ரேடியேட்டரைக் கழற்றித் தங்கள் கம்ப்யூட்டருக்கு மாட்டிக்கொண்டார்கள். இன்று பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் மூடி முத்திரையிட்டு ஒரே பெட்டியில் வருகின்றன.

வருவது நல்லதுதான். விற்கும் முறையில்தான் கோளாறு. வாடிக்கையாளர் வந்ததும் "பெரிதாக வாங்குங்கள் சார், நன்றாகக் குளிரும்" என்று விலை கூடிய பெட்டியை எடுத்து வைக்கிறோம். அவர் வீட்டுக்குப் போய்க் கேபினட்டைத் திறந்து பார்த்தால் ரேடியேட்டர் உள்ளே நுழையாது. பெட்டி திரும்பி வருகிறது. சரக்கில் பழுது ஒன்றும் இல்லை. ஆனாலும் பிரித்த பெட்டியை மறுபடி முழு விலைக்கு விற்க முடியுமா? கடைக்காரர் எங்களைப் பார்க்கிறார், நாங்கள் கம்பெனியைப் பார்க்கிறோம், வாடிக்கையாளர் நம் எல்லோரையும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

நாம் முதலில் கேட்க வேண்டியது: எவ்வளவு சூடு? பில் போடவும் கணக்கு எழுதவும் வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் 65 வாட் வகைப் பிராசஸர்கள்தான் இருக்கின்றன. அவற்றுக்குச் சாதாரண ஃபேன் போதும், தண்ணீரே வேண்டாம். அதைச் சொல்ல நாம் தயங்கக் கூடாது. வீடியோ எடிட்டிங் செய்பவர், பெரிய கேம் விளையாடுபவர் வந்தால் கணக்கு வேறு. 2023-ல் வந்த இன்டெல் ஐ9-14900கே பிராசஸரின் அடிப்படை மின்சாரக் கணக்கு 125 வாட். முழு வேகத்தில் 253 வாட் வரை போகும் என்று கம்பெனியே சொல்கிறது. அட்டையில் உள்ள சிறிய எண்ணை மட்டும் பார்த்துச் சிறிய ரேடியேட்டர் கொடுத்தால் அது திணறும். அதற்கு 360 அளவு கொடுப்பதே நியாயம். கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்த்துத் தண்ணீரில் குளிர்விக்க விரும்புபவருக்கு இன்னும் அதிகம் வேண்டும். ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற கார்டு ஒன்றுக்கே 450 வாட் கணக்கு.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு இடம்? 240, 360 என்று பெட்டியில் போட்டிருப்பது ஃபேன்களின் கணக்கு. 120 மி.மீ. ஃபேன் இரண்டு என்றால் 240, மூன்று என்றால் 360. குழாய் சேரும் தலைப்பகுதி இந்தக் கணக்கில் வராது. 240 என்று விற்கும் ரேடியேட்டரின் உண்மை நீளம் சுமார் 275 மி.மீ. இருக்கும். 360 என்பது 400 மி.மீ.க்குப் பக்கத்தில் வரும். கனமும் உண்டு. ரேடியேட்டர் 27 மி.மீ., ஃபேன் 25 மி.மீ., ஆக 52 மி.மீ. இடம் வேண்டும். மேல்பக்கம் மாட்டினால் கீழே நிற்கும் மெமரி கார்டு இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜவுளிக் கடையில் அளந்துதானே துணி கிழிக்கிறோம்? இதற்கும் டேப் பிடித்தால் குறைந்தா போய்விடுவோம்?

இங்கே ஒரு வியாபாரக் கணக்கையும் சொல்கிறேன். 240 அளவு ரேடியேட்டரில் ஃபேன் காற்றுப்படும் பரப்பு 288 சதுர செ.மீ. 140 மி.மீ. ஃபேன் இரண்டு மாட்டும் 280 அளவில் 392. மூன்று ஃபேன் கொண்ட 360-ல் 432. 240-லிருந்து 280-க்குப் போனால் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. 280-லிருந்து 360-க்குப் போனால் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. 360 நுழையாத கேபினட் வைத்திருப்பவருக்கு 280 நல்ல சரக்கு. 140 ஃபேனுக்கான துளை கேபினட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் 280 சரக்கைப் பல கடைகளில் வாங்கி வைப்பதே இல்லை.

மூன்றாவது கேள்வி: என்ன உலோகம்? முத்திரையிட்டு வரும் பெட்டிகளில் பெரும்பாலும் ரேடியேட்டர் அலுமினியம், தகடு செம்பு. அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த திரவத்தைக் கம்பெனியே நிரப்பி மூடிவிடுகிறது. தனித்தனியாகப் பாகம் வாங்கித் தாமே பூட்டுபவர் விஷயத்தில்தான் ஆபத்து. செப்புத் தகட்டோடு விலை குறைந்த அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்துத் தண்ணீர் ஓட்டினால் அலுமினியம் நாளடைவில் அரித்துப்போகும். ஒழுகினால் கீழே இருக்கும் விலையுயர்ந்த கார்டு போகும். செம்புக்குச் செம்பு, பித்தளையே சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே பில்லில் போட்டுக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் இருப்பது தர்மம் ஆகாது.

தகட்டு மடிப்புகள் நெருக்கமாக இருந்தால் நல்லது என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. நெருக்கமான மடிப்புக்குள் காற்றைத் தள்ளப் பலமான ஃபேன் வேண்டும், சத்தமும் கூடும். நம் ஊர்த் தூசி அதில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். சத்தம் வேண்டாம் என்பவருக்கு மடிப்பு விலகிய சரக்கே பொருந்தும். மாட்டும்போது பம்ப் எல்லாவற்றுக்கும் உச்சியில் இருக்கக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். உள்ளிருக்கும் காற்று மேலே ஏறிப் பம்பில் தங்கிவிடும்.

இன்னொன்று, பொய் வாக்குக் கொடுக்காதீர்கள். எந்த ரேடியேட்டரும் அறைக் காற்றைவிடத் தண்ணீரைக் குளிர வைக்காது. சித்திரை வெயிலில் அறை 38 டிகிரி என்றால் தண்ணீர் அதற்கு மேல்தான் இருக்கும். ஏ.சி. மாதிரி ஜில்லென்று இருக்கும் என்று சொல்லி விற்றவர் கடைக்கு அடுத்த கோடையில் யார் வருவார்கள்?

"இத்தனை கேள்வி கேட்டால் வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். விலையில் மட்டும் போட்டி போட்டால் பக்கத்துக் கடை என்ன, ஆன்லைன் கம்பெனியிடமே நாம் தோற்றுப்போவோம். கவுண்டரில் நின்று ஆளைப் பார்த்து அளவு கேட்டுக் கொடுப்பது ஒன்றுதான் நம்மிடம் மிச்சம் இருக்கும் முதல். அதையும் விட்டால் கடை எதற்கு?

மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. விலைப் பட்டியலில் உண்மை நீளம், கனம், உலோகம் மூன்றையும் நாங்கள் அச்சிட்டுத் தர வேண்டும். சில்லறைக் கடைக்காரர்கள் வாடிக்கையாளரின் கேபினட் பெயரையும் பிராசஸர் பெயரையும் கேட்டுப் பில்லிலேயே குறிக்க வேண்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, ஐந்து நிமிடம்தான். இந்த இரண்டையும் நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.